யோசனை கூடிப்போனால் எங்கே போவது?

சில வருடங்களுக்கு முன், ஒரு ஒக்டோபர் 10. திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கீரை வாங்கிக்கொண்டு நின்றேன். ஒரே நிற ரீசேர்ட் போட்ட பிள்ளைகள் பதாகை பிடித்தபடி வரிசையாகப் போனார்கள். 'உலக மனநல தினம்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. "என்னவாம் இது?" என்று பக்கத்தில் தேங்காய் விற்பவர் கேட்டார். கீரைக்கார அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "விசர் ஆக்களுக்காம்" என்றார்.

பொன்னாங்காணியைக் கட்டிக்கொண்டே கதை வேறு பக்கம் போனது. என் கண் சிவந்திருப்பதைப் பார்த்து, நித்திரை இல்லையா என்று கேட்டார். பிறகு தன் கதையைச் சொன்னார். "எனக்கு விடியப்புறம் ரெண்டு, மூண்டு மணிக்கு முழிப்பு வந்திடும் தம்பி. அதுக்குப் பிறகு நித்திரையே இல்ல. நெஞ்செல்லாம் எரியும். சாப்பாட்டில விருப்பமில்ல. யோசனைதான், வேற என்ன."

அந்த ஊர்வலம் அவருக்காகத்தான் போனது. அது அவருக்கும் தெரியாது, பதாகை பிடித்த பிள்ளைகளுக்கும் தெரியாது. விடியப்புற முழிப்பு, பசியின்மை, ஓயாத யோசனை ஆகிய மூன்றையும் ஒருவர் சேர்த்துச் சொன்னால், மனச்சோர்வு நோயாக இருக்குமோ என்று எந்த வைத்தியரும் மேலே விசாரிப்பார். ஆனால் அந்த அம்மாவின் அகராதியில் அது நோய் இல்லை. நோய் என்றால் விசர். விசர் என்றால் தெருவில் உடுப்புக் கிழிந்து திரிகிறவர்.

'விசர்' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். வெறிநாயை நாங்கள் 'விசர் நாய்' என்கிறோம். உளறினால் 'விசர்க் கதை', உதவாத காரியம் செய்தால் 'விசர் வேலை'. நாய்க்கும் மனிதனுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிற ஊரில், அந்தச் சொல் ஒட்டிவிடும் என்ற பயத்திலேயே ஆட்கள் ஆஸ்பத்திரிப் பக்கம் போகமாட்டார்கள். இந்தப் பக்கம் 'யோசனை', அந்தப் பக்கம் 'விசர்'. இடையில் பேச்சுத் தமிழில் ஒன்றுமே இல்லை. மனச்சோர்வு, மனப்பதற்றம், உளச்சமூகம் என்று துண்டுப்பிரசுரத்தில் அச்சடிக்கிற சொற்களை அந்த அம்மா வீட்டில் ஒருவரும் வாயால் சொல்லிக் கேட்டிருக்க மாட்டார்.

கணக்கும் இதையேதான் காட்டுகிறது. 2019ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் 8 பேருக்கு ஒருவர், கிட்டத்தட்ட 97 கோடிப் பேர், ஏதோ ஒரு மனநலக் கோளாறோடு வாழ்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதே நிறுவனத்தின் கணக்கில், நாங்கள் 'விசர்' என்றதும் நினைக்கிற மனச்சிதைவு நோய், அதாவது ஸ்கிசோபிரினியா, ஏறக்குறைய 300 பேருக்கு ஒருவருக்குத்தான். மிச்சப் பெரும் பகுதி யோசனைப் பக்கத்தில் நிற்பவர்கள்: மனச்சோர்வு, பதற்றம். கீரை விற்பார்கள், வலை இழுப்பார்கள், ஏ.எல். பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பார்கள்.

இவர்கள் வைத்தியரிடம் போகாமல் இருப்பதில்லை. போகிறார்கள், ஆனால் மனசைக் கொண்டுபோவதில்லை, உடம்பைக் கொண்டுபோகிறார்கள். தலை விறைப்பு, நெஞ்சுப் படபடப்பு, கை கால் உளைவு, பெருமூச்சு. ஓபிடி வரிசையில் காத்திருக்கும் பெண்களின் மடியில் ஒரு சொப்பிங் பை இருக்கும். அதற்குள் ஈசிஜி தாள், எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனைத் துண்டுகள். எல்லாவற்றிலும் 'ஒன்றும் இல்லை'. வருத்தத்தோடு இருப்பவருக்கு இதைவிடக் கொடுமையான பதில் கிடையாது. வீட்டுக்கு வந்தால், "டொக்டரே ஒண்டும் இல்லையெண்டு சொல்லிட்டார், நீ சும்மா நடிக்கிறாய்" என்று முடிந்துவிடும்.

நடிப்பு இல்லை. பயமும் கவலையும் நீண்டு போகும்போது, ஆபத்து வந்தால் ஓடுவதற்காக உடம்பில் இருக்கும் ஏற்பாடு நிற்காமல் இயங்கிக்கொண்டே இருக்கும். இதயம் வேகமாக அடிக்கும், தசை இறுகும், குடல் குழம்பும், நித்திரை கலையும். ஈசிஜியில் தெரியாது என்பதற்காக வலி பொய்யாகிவிடாது. நாங்கள் ஆறுதலுக்குச் சொல்கிற "யோசிக்காதீங்க" இங்கே வேலை செய்வதுமில்லை. காய்ச்சல்காரரிடம் சுடாதீங்க என்று சொன்னால் உடம்பு கேட்குமா?

சரி, எல்லா யோசனையும் நோயா? இல்லை. இங்கேதான் விழிப்புணர்வு பேசுகிறவர்கள் அவசரப்படுகிறார்கள். மாரியில் கடல் கொந்தளிக்கும்போது நிலாவெளியிலும் குச்சவெளியிலும் மீன்பிடிக்கிற ஆம்பிளைகள் பலர் வீட்டில் சுருண்டுதான் கிடப்பார்கள். கையில் காசில்லை, முகம் இருண்டிருக்கும். அது தொழிலில்லாத கவலை. காற்று மாறி, மற்றவர்கள் வள்ளத்தைத் தள்ளும்போதும் ஒருவர் கரைக்குப் போகாமல், வலை பொத்தாமல், பிள்ளையின் பேச்சுக்கும் பதில் சொல்லாமல் இருந்தால், அப்போது கவனிக்க வேண்டும். வைத்தியர்கள் வைத்திருக்கிற எல்லை ஏறக்குறைய இதுதான்: நாளின் பெரும்பகுதி, அநேகமாக எல்லா நாளும், 2 கிழமைக்கு மேலாக, அன்றாட வேலையைக் கெடுக்கும் அளவுக்கு.

துக்கமும் அப்படித்தான். அது நோய் இல்லை, அதற்கென்று ஒரு வழி எங்களிடம் முன்பே இருக்கிறது. நகரத்திலிருந்து சில மைல் தள்ளியிருக்கும் கன்னியாவின் ஏழு வெந்நீர் ஊற்றுகளை நினைத்துப் பாருங்கள். தாய் இறந்த துக்கத்தில் இருந்த இராவணன் அவளுக்குக் கிரியை செய்வதற்காகத் தோன்றிய ஊற்றுகள் என்பது ஐதீகம். இந்தப் பகுதிச் சைவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே அந்தியேட்டிக் கடன் கழித்தார்கள். எட்டு, முப்பத்தொன்று, ஆண்டுத் திவசம், தகப்பனுக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திரைப் பறுவம். அழுவதற்கும், அழுகையை நிறுத்திச் சமைக்கத் தொடங்குவதற்கும் நாள் குறித்துக் கொடுத்த ஏற்பாடு இது.

ஆனால் உடல் கிடைக்காதவருக்கு எந்தத் திதியில் திவசம் கொடுப்பது? போரில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் இந்த மாவட்டம் முழுக்க இருக்கிறார்கள். கிரியை செய்தால் மகனைத் தாங்களே கொன்றுவிட்ட மாதிரி. செய்யாவிட்டால் துக்கத்துக்கு முடிவே இல்லை. பொட்டை வைப்பதா அழிப்பதா என்று தெரியாத மனைவிக்கு 'மனச்சோர்வு' என்று கொப்பியில் எழுதிக் குளிசை கொடுத்தால் நித்திரை வரலாம். கேள்விக்குப் பதில் வராது. போலீன் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இத்தகைய இழப்புக்குத் தனிப் பெயரே வைத்தார். தமிழில் அதைத் 'தெளிவற்ற இழப்பு' எனலாம். குழப்பம் அந்தப் பெண்ணின் மனதில் இல்லை, இழப்பிலேயே இருக்கிறது என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். இந்த வருத்தத்தின் மருந்தில் ஒரு பங்கு ஆஸ்பத்திரியிலும் இன்னொரு பங்கு நீதிமன்றத்திலும் இருக்கிறது.

இனி, ஆஸ்பத்திரிக்கு வருவோம். ஆட்கள் பயப்படுகிற இடம் உண்மையில் திருகோணமலையில் இல்லை, ஏறக்குறைய 260 கிலோமீற்றர் தள்ளி, கொழும்புக்குப் பக்கத்தில் அங்கொடையில் உள்ள பெரிய மனநோய் ஆஸ்பத்திரி அது. "உன்னை அங்கொடைக்குத்தான் அனுப்பவேணும்" என்பது எங்கள் பள்ளிக்கூடத்து வசவு. ஒரு காலத்தில் அதற்கு அர்த்தமும் இருந்தது. நோய் முற்றியவரை இரவு ரயிலில் ஏற்றிக்கொண்டுபோய், பாஷை தெரியாத ஊரில் விட்டுவிட்டு வந்த குடும்பங்கள் இங்கே உண்டு. சட்டமும் அந்தக் காலத்தில் பிறந்ததுதான். மனநோயாளர் பற்றிய கட்டளைச் சட்டம் 1873இல் வந்தது, கடைசியாகத் திருத்தப்பட்டது 1956இல். 150 வருடத்துக்கு முந்திய அந்தச் சட்டத்தின் கவலை, ஆளைக் குணப்படுத்துவதைவிட எங்கே அடைத்து வைப்பது என்பதில்தான் இருந்தது.

நிலைமையை மாற்றியது 2004 மார்கழிக் கடல். கிண்ணியாவிலும் மூதூரிலும் நிலாவெளியிலும் அலை அடித்த பிறகு, வெளிநாட்டிலிருந்தும் கொழும்பிலிருந்தும் 'கவுன்சிலிங்' என்று வந்து இறங்கினார்கள். முகாமில் இருந்த பிள்ளைகளிடம் பென்சிலைக் கொடுத்து அலையை வரையச் சொன்னார்கள். சில பிள்ளைகள் வருகிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒவ்வொரு அலை வரைந்தன. நல்ல மனதோடு வந்தவர்கள்தான், ஆனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் சொல்லவைத்து அழவைக்கிற முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. உருப்படியாக நின்றது வேறொன்று. 2005இல் அரசு ஏற்றுக்கொண்ட மனநலக் கொள்கை, சிகிச்சையைப் பெரிய மனநோய் ஆஸ்பத்திரிகளிலிருந்து மாவட்டங்களுக்குக் கொண்டுவருவதாகச் சொன்னது. பொது வைத்தியசாலைக்குள்ளேயே மனநலப் பிரிவு, சிறிய ஆஸ்பத்திரிகளுக்குப் போய்வரும் மனநல வைத்திய அதிகாரிகள் என்று ஏற்பாடு வந்தது. எல்லா இடமும் முழுதாக நிறைவேறவில்லை, ஆளும் பற்றாக்குறை. ஆனாலும் இன்றைக்கு நித்திரையில்லாத ஒருவர் ரயில் ஏறத் தேவையில்லை. திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்குப் போனால் போதும், அதுவும் இலவசம். இந்த ஒரு வரியை எந்தப் பதாகையிலும் நான் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரிக்கு முன்னால் ஆட்கள் போகிற இடம் வேறு. செய்வினையோ என்று கட்டுச் சொல்லக் கேட்பார்கள், நூல் கட்டுவார்கள், பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வைப்பார்கள். கிண்ணியாப் பக்கம் என்றால் ஓதிப் பார்ப்பார்கள், தண்ணீர் ஓதிக் கொடுப்பார்கள். படித்தவர்கள் இதை மூடநம்பிக்கை என்று ஒரே அடியில் அடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

காரணம் ஒரு ஆய்வு. நான்சி வாக்ஸ்லர் என்பவர் இலங்கையில் மனச்சிதைவு நோய்க்காக முதல் தடவை ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர்களை 5 வருடம் கழித்துத் தேடிப் பார்த்து, 1979இல் முடிவை வெளியிட்டார். பணக்கார நாடுகளின் நோயாளிகளைவிட இவர்கள் நன்றாகத் தேறியிருந்தார்கள். அவர் சொன்ன விளக்கம் இதுதான்: இங்கே குடும்பம் நோயை வெளியிலிருந்து வந்த ஒன்றாகப் பார்க்கிறது, வந்தது போய்விடும் என்று எதிர்பார்க்கிறது, போனதும் ஆளைப் பழைய இடத்தில் இருத்திவிடுகிறது. இப்படிப்பட்ட முடிவுகளைப் பின்னால் வந்த சிலர் கேள்வி கேட்டார்கள், அது வேறு கதை. ஆனால் 'பேய் பிடித்தது, இறங்கிவிட்டது' என்பதில் ஒரு மன்னிப்பு இருக்கிறது. பழி பேயின் தலையில் போகும், பிள்ளை பிள்ளையாகவே இருக்கும்.

அந்த இடத்தில் நாங்கள் போய், "பேய் இல்லை, மூளையில் கோளாறு" என்று போஸ்டர் ஒட்டினால் என்ன நடக்கும்? நோயாளியைக் குற்றம் சொல்வது கொஞ்சம் குறையும். கூடவே, 'இது மூளையில் இருக்கிறது, மாறாது, ஆள் எப்போதும் இப்படித்தான்' என்ற எண்ணம் கூடும். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டதும் இதுதான். கலியாணப் பேச்சில் 'மூளைக் கோளாறு' என்றால் பேயைவிட மோசம். மனப்போக்கை மாற்றுவதில் கூடுதலாகப் பலித்தது, நோய் வந்து தேறி வேலைக்குப் போகிற ஒருவர் முன்னால் வந்து நின்று தன் கதையைச் சொல்வதுதான்.

அதற்காக நேர்த்தியோடு மட்டும் நின்றுவிடலாமா? கூடாது. இல்லாத குரல் கேட்பதும், எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்வதாகச் சந்தேகப்படுவதும் தொடங்கிய பிறகு, மருந்து இல்லாமல் போகிற மாதங்கள் கூடக்கூடத் தேறுவது கடினமாகிறது. பூசாரியிடம் போனால் போகட்டும், கிளினிக்குக்கும் போகவேண்டும். இரண்டுக்கும் சண்டையில்லை. விரதத்தோடு குளிசை போடலாம். நோன்பு காலத்தில் குளிசை நேரத்தை வைத்தியரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். அடிப்பதும் கட்டிவைப்பதும் பட்டினி போடுவதும் எந்தக் கோயிலின் பேரிலும் கூடாது.

கிளினிக்கில் என்ன நடக்கும் என்று ஒருவரும் சொல்லிக்கொடுப்பதில்லை, ஆகவே அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கரண்ட் வைப்பார்கள் என்று பயந்துகொண்டு வருகிறார்கள். முதல் நாள் நடப்பது பேச்சுத்தான். நித்திரை எப்படி, சாப்பாடு எப்படி, எப்போது தொடங்கியது, குடும்பத்தில் யாருக்காவது முன்பு இருந்ததா, குடிப்பதுண்டா, சாகவேண்டும் போல எண்ணம் வருகிறதா என்று கேட்பார்கள். தைரொயிட் குறைபாடும் இரத்தச்சோகையும் மனச்சோர்வு மாதிரியே காட்டும் என்பதால் சில வேளை இரத்தம் எடுப்பார்கள். பிறகு ஒரு கொப்பி தருவார்கள். வீட்டிலிருந்து கூட வருகிறவர் பேசாமல் உட்கார்ந்திருக்கத் தேவையில்லை, நோயாளி மறந்ததையும் மறைத்ததையும் அவர்தான் சொல்லவேண்டும்.

குளிசை கொடுத்தால், அதை ஊரில் 'நித்திரைக் குளிசை' என்றுதான் சொல்வார்கள். இந்தப் பெயர் செய்த கெடுதல் கொஞ்சநஞ்சமில்லை. டயசிபாம் போன்ற நித்திரை மருந்துகளுக்கு உடம்பு பழகிவிடும், அதனால் அவற்றைக் குறுகிய காலத்துக்குத்தான் கொடுப்பார்கள். ஃபுளுஒக்சிடின் போன்ற மனச்சோர்வு மருந்து அந்த வகை இல்லை, அடிமையாக்காது. அதில் வேறொரு சிக்கல் இருக்கிறது. பலன் தெரிய 2 முதல் 4 கிழமை எடுக்கும், ஆனால் பக்கவிளைவு முதல் நாளிலேயே வரலாம்: வயிற்றுப் பிரட்டல், தலையிடி, ஒரு பதற்றம். அதாவது முதல் கிழமை முழுக்கக் கெட்டது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். நாலாம் நாள், "இது எனக்கு ஒத்துவரேல்ல" என்று குளிசையை அலுமாரிக்குள் போட்டுவிடுவார்கள். அந்தப் பக்கவிளைவு பெரும்பாலும் ஒன்றிரண்டு கிழமையில் அடங்கிவிடும் என்று முதல் நாளே ஒருவர் சொல்லியிருந்தால் பாதிப்பேர் தொடர்ந்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

தொடர்ந்தவர்கள் தடுக்கி விழுகிற இடம் இன்னொன்று. சுகமானதும் நிறுத்திவிடுவார்கள். மனச்சோர்வு மருந்தைச் சுகம் வந்த பிறகும் குறைந்தது 6 மாதம் எடுக்கவேண்டும், மனச்சிதைவு என்றால் வருடக்கணக்கில். மனச்சிதைவுக்குக் கொடுக்கிற ஒலன்சபின், ரிஸ்பெரிடோன் போன்றவை உடம்பைப் பருக்க வைக்கலாம், கையை விறைக்க வைக்கலாம். விறைப்புக்கு வேறு குளிசை இருக்கிறது, அளவைக் குறைக்கலாம், மருந்தையே மாற்றலாம். கேட்டால்தான் செய்வார்கள். தினமும் குளிசை போட மறுப்பவருக்கு 2 அல்லது 4 கிழமைக்கு ஒரு தடவை ஊசியும் உண்டு. நோயாளி குளிசையை நாக்குக்கு அடியில் வைத்துத் துப்பிவிடுகிறார் என்று வீட்டில் யுத்தம் நடக்கும். அந்த யுத்தத்துக்கு ஊசி ஒரு சமாதானம்.

பிள்ளை பெற்றவர்களைப் பற்றியும் ஒரு சொல். முதல் பத்துப் பதினான்கு நாளில் வருகிற அழுகை பெரும்பாலும் தானாகவே போய்விடும். அதற்குப் பிறகும் நீடிப்பதுதான் கவலைக்குரியது. முப்பத்தொன்று துடக்குக் கழிந்து, மருந்துச் சரக்கு அரைத்துக் கொடுத்த மாமியும் பெரியம்மாவும் அவரவர் வீட்டுக்குப் போய்விடும் காலமும் அதுவே. குடும்ப நல உத்தியோகத்தர்கள் கையில் 10 கேள்விகள் உள்ள ஒரு தாள் உண்டு, 1987இல் எடின்பரோவில் உருவானது. சிரிக்க முடிகிறதா என்று தொடங்கி, தனக்கே தீங்கு செய்யும் எண்ணம் வந்ததா என்று முடியும். மிட்வைஃப் மிஸ் கேட்கும்போது மாமியார் பக்கத்தில் நின்றால் எல்லாவற்றுக்கும் 'ஒரு பிரச்சினையும் இல்லை' என்றுதான் பதில் வரும். மாமியார் குசினிக்குள் போய் ஒரு தேத்தண்ணி ஊற்றினால் நல்லது.

கடைசிக் கேள்வி பற்றி எல்லோருக்கும் ஒரு பயம் உண்டு: கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று. தூண்டாது, ஆய்வுகள் அப்படித்தான் சொல்கின்றன. "வாழ்ந்து என்ன எண்டு யோசனை வருதா?" என்று நேராகக் கேட்கலாம். வருகிறது என்றால் தனியே விடக்கூடாது, கூட்டிக்கொண்டு போகவேண்டும். மனநல உதவிக்கான 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். 1333உம் அப்படி ஓர் இலக்கம். பொலிசுக்குப் போகுமோ என்ற பழைய பயமும் தேவையில்லை. தற்கொலைக்கு முயல்வது இலங்கையில் 1998 முதல் குற்றமில்லை.

1995இல் இந்த நாட்டில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையில் இறந்தார்கள், உலகிலேயே மிக மோசமான எண்ணிக்கைகளில் ஒன்று. பத்து வருடத்துக்குள் அது பாதியானது. பிரசாரத்தால் அல்ல. மிகக் கொடிய பூச்சிமருந்து வகைகளை அரசு 1995இலும் 1998இலும் சந்தையிலிருந்து எடுத்தது. முயற்சிகள் அவ்வளவாகக் குறையவில்லை, ஆனால் முயன்றவர்கள் பிழைத்தார்கள். பெரும்பாலும் அது சில நிமிட ஆத்திரம், அந்த நிமிடத்தைத் தாண்டினால் ஆள் இருப்பார். தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் வயல் வைத்திருப்பவர்கள் வீட்டில் மருந்துப் போத்தலைப் பூட்டி, சாவியை வேறு ஆளிடம் கொடுப்பதும் நல்லது.

அந்தக் கீரைக்கார அம்மாவிடம் அடுத்த கிழமை போனபோது விஷயத்தைச் சொன்னேன், 'மனநலம்' என்ற சொல்லே இல்லாமல். யோசனை கூடினால் அதற்கும் ஒரு கிளினிக் இருக்கு என்றேன். நோய் என்ன, ஏன் வருகிறது என்று அவர் ஒன்றுமே கேட்கவில்லை. எந்த நாள், எத்தனை மணிக்கு நம்பர் எடுக்கவேணும், வெளியில சனம் பார்க்குமா, மருமகளுக்குத் தெரியவருமா என்று கேட்டார். முதல் இரண்டுக்கும் என்னிடம் பதில் இருக்கவில்லை, ஆஸ்பத்திரியில் விசாரித்துக்கொண்டு மறுநாள் போய்ச் சொன்னேன்.

ஒரு மாதம் போல யோசித்துவிட்டுத்தான் போனார். பக்கத்துத் தேங்காய்க்காரரிடம் 'பிறசர் கிளினிக்' என்று சொல்லியிருக்கிறார். கொப்பி கீரைச் சாக்குக்கு அடியில் இருக்கிறது.